கொப்பியின் முதல் பக்கம்

பந்தி நான்கு, உபபந்தி ஆ: "ஆறு மாதங்களுக்குள் நோயாளியின் நிறை ஆரம்ப நிறையில் பத்து வீதமோ அதற்கு மேலோ குறைந்திருப்பின், வரிசையைப் பாராது ஒரு வாரத்துக்குள் ஸ்கேன் எடுக்கப்படல் வேண்டும்." கிளினிக் சுவரில் மூன்று மொழிகளிலும் ஒட்டியிருந்தார்கள். தமிழில் இரண்டு எழுத்துப்பிழை. இரண்டையும் எழுத்துமூலம் சுட்டிக்காட்டியிருக்கிறேன்.

அரசாங்கக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். புதிதாக வரும் இலிகிதர்களுக்கு முதலில் குறைவு வீதம் போடப் பழக்குவேன். முன்பு இருந்ததிலிருந்து இப்போது இருப்பதைக் கழிக்க வேண்டும். வந்ததை முன்பு இருந்ததால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். கழிப்பது எல்லாருக்கும் வரும். எதால் வகுப்பது என்பதில்தான் விழுவார்கள். "முந்தி எண்டால் எப்ப எண்டு முதல்ல கேளும்" என்பேன்.

மனைவிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கொட்டாஞ்சேனையில் குடியிருந்தபோது சேர்ந்த கிளினிக்கை, வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. வரிசையில் அவளுக்குச் சினேகிதிகள் இருந்தார்கள். அங்கே நோயாளியின் பைலை நோயாளியேதான் வைத்திருப்பார். எண்பது பக்கக் கொப்பி ஒன்று; வாங்குவதும் உறை போடுவதும் நம் பொறுப்பு. முடிந்தால் புதிது வாங்கி, முதல் பக்கத்தை நாமே நிரப்பிக்கொண்டு போக வேண்டும்.

நவம்பரில் அவளுடைய நிறை அறுபது கிலோ. ஜனவரியில் ஐம்பத்தாறு. அன்றோடு கொப்பி முடிந்தது. காலி வீதியில் புதுக் கொப்பி வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, பெயர், வயது, மருந்துகள் என்று கட்டம் கட்டமாக எழுதினேன். ஆரம்ப நிறை என்ற கட்டத்தில் 56 என்று போட்டேன். புதுக் கொப்பிக்கு அதுதான் ஆரம்பம் என்று நினைத்தேன்.

"இஞ்சேருங்கோ, எங்கட கலியாணக் கார்ட்டையும் நீங்கள் இவ்வளவு வடிவா அடிப்பிக்கேல்லை" என்றாள்.

ஏப்ரலில் ஐம்பத்தொன்று. அதற்குள் தையல்காரர் அவளுடைய சட்டைகளை இரண்டு தரம் பிடித்துக் கொடுத்துவிட்டார். நிறையை எழுதிய தாதி மிஸ்ஸி, கிராண்ட்பாஸ் பக்கத்துப் பிள்ளை, போனில் கணக்குப் போட்டார்.

"எட்டுத் தசம் ஒம்பது வருது ஐயா. பத்து இல்ல. ஸ்கேனுக்கு செப்டம்பர்ல டேட் தாறன்."

"பிள்ளை, அறுபதிலயிருந்து பாக்கவேணும். குறைஞ்சது ஒன்பது. அதை அறுபதால வகுத்தால் பதினைஞ்சு வீதம்."

"அறுபது எங்க இருக்கு?"

"பழைய கொப்பியில."

"இதில ஆரம்ப நிறை ஐம்பத்தாறு எண்டு இருக்கே. யாரு எழுதினது?"

"நான்தான்."

பின்னால் நின்ற ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். "முத்து மாதிரி எழுத்து! மிஸ்ஸி, என்ட கொப்பியையும் இவருக்கிட்டயே குடுங்களே." வரிசை சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள்.

மறுநாள் பழைய கொப்பியைக் கொண்டுபோனேன். நடைமுறையிலுள்ள கொப்பியைத்தான் பார்க்கலாமாம். மாற்றுவதென்றால் பெரிய டொக்டருக்கு எழுத வேண்டுமாம். எழுதினேன். இரண்டு கொப்பிகளின் பிரதிகளையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதல் கொப்பியின் குறைவு வீதத்தையும் இரண்டாவதின் குறைவு வீதத்தையும் கூட்டினால் ஏன் பதினைந்து வராமல் பதினைந்தரைக்கு மேல் வருகிறது, வீதங்களை ஏன் அப்படிக் கூட்டக்கூடாது என்பதற்கு அடிக்குறிப்பும் போட்டேன். நல்ல கடிதம்.

மகள் கனடாவிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்தாள். "அப்பா, அதை விட்டிட்டு வெளியில ஸ்கேன் எடுங்கோ. காசு நான் அனுப்புறன்."

"விதி எங்கட பக்கம் இருக்கேக்க ஏன் வெளியில போகவேணும்?"

"விதியை வைச்சுக்கொண்டிருங்கோ. அம்மாட்டப் போனைக் குடுங்கோ."

மனைவி கோப்பையில் சோற்றில் பாதியை விட்டுவிட்டு எழுந்து போவாள். மே மாதத்தில் இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன், இரண்டும் பதிவுத் தபாலில்.

பதில் வராததால், ஜூனில் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். படத்தைப் பார்த்த டொக்டர், எப்போதிலிருந்து மெலிகிறார் என்று கேட்டார். நவம்பர் என்றேன். "அப்பவே வந்திருக்கலாமே" என்றார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். வீதம் ஒன்றும் போடவில்லை.

ஜூலையில் அவள் போய்விட்டாள்.

கொப்பியில் இருந்த கடைசி நிறை நாற்பத்துநான்கு. அறுபதிலிருந்து இருபத்தாறு தசம் ஆறு ஏழு வீதம். ஐம்பத்தாறிலிருந்து இருபத்தொன்று தசம் நான்கு மூன்று. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். போட்டு முடிந்ததும் கொப்பிகள் இரண்டையும் நூலால் கட்டி அலுமாரியில் வைத்தேன். புதியதை மேலே வைத்தேன், நடைமுறையில் உள்ளது அதுதான் என்பதால்.

பதில் வந்தது. தமிழில், ஒரு பக்கம். என் கணக்கு சரியென்று ஏற்றிருந்தார்கள்: குறைவு 15.00 வீதம். தசமத்துக்குப் பின்னால் இரண்டு பூச்சியம் போட்டிருந்தார்கள், நானென்றாலும் போட்டிருப்பேன். பந்தி நான்கு, உபபந்தி ஆ பொருந்துவதால், நோயாளியை இரண்டு கொப்பிகளுடனும் ஒரு வாரத்துக்குள் அழைத்து வரும்படி கேட்டிருந்தார்கள். கடிதத்தில் இட்ட திகதி ஆகஸ்ட் நான்கு. தபால்காரரிடம் கையெழுத்து வைத்து நான் அதை வாங்கியது அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மறுநாள், ஆகஸ்ட் பதினேழு.