நிலக்கரி காட்டிய எண்

பணி ஓய்வு பெறும்வரை, கிள்ளான் பள்ளத்தாக்கில் கதிரியக்கக் கார்பனை அளக்கும் ஓர் ஆய்வகத்துக்கு நான் தலைவராக இருந்தேன். என் கையொப்பத்தோடு வெளியே சென்ற ஓர் எண்கூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை. நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இதை அறியாதவர் குறைவு.

காற்றிலும் செடிகொடிகளிலும் அந்தக் கார்பன் இயல்பாகவே மிகச் சிறிதளவு உண்டு. அது கூடுகிறதா என்று கண்காணிப்பதே எங்கள் பணி. ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் ஓர் ஒப்பீட்டுச் சோதனை வந்தது. ஒரே அரிசி மாவைப் பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பி, யார் சரியாக அளக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். தவறினால் சான்றளிக்கும் அங்கீகாரம் போய்விடும்.

மாவை எரித்து, வெளிவரும் கரியமில வாயுவைக் காரக்கரைசலில் பிடித்து அளப்போம். கூடவே நிலக்கரியையும் எரிப்போம். யுகக்கணக்கில் மண்ணில் கிடந்த நிலக்கரியில் கதிரியக்கக் கார்பன் மிச்சமிராது. அதன் எண் சுத்தமாக இருந்தால்தான் மற்ற எண்களை நம்பலாம்.

கரைசல் தயாரித்தவர் என் கல்லூரித் தோழர், கிள்ளான்காரர். என்னைக் கேலியாக 'பாஸ்' என்று அழைக்கும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு. மாவை எரிப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வழக்கமான வாழையிலைக் கடையில், அவர் தயிர்ச்சோற்றை மட்டும் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னய்யா, மீன் கறியப் பார்த்து மூஞ்சத் திருப்புற? பொண்ணு பார்க்கப் போறியா?" என்றேன்.

"வயசாச்சு லா பாஸ். நீ சாப்பிடு. உனக்குக் கல்லப் போட்டாலும் கரையும்."

சிரித்துவிட்டு என் இலையைக் கவனித்தேன்.

மறுவாரம் எரித்து அளந்தபோது நிலக்கரி பெரிய எண்ணைக் காட்டியது. நடக்கவே கூடாத காரியம். அனைவரையும் கூட்டி விசாரித்தேன். புட்டிகள், கையுறைகள், குளிரூட்டி, புதிய இரசாயனம் என்று எதையும் விடவில்லை. சில நாட்களில் நிலக்கரியின் எண் தானாகவே தணிந்தது. ஆனால் அனுப்பப்பட்ட மாவு அதற்குள் தீர்ந்திருந்தது. நம்ப முடியாத எண்ணை அனுப்ப நான் உடன்படவில்லை. சோதனையிலிருந்து விலகினோம், அங்கீகாரம் நிறுத்தி வைக்கப்பட்டது.

கரைசல் அவர் கையால் ஆனது என்பதால் பேச்சு அவர்மேல் திரும்பியது. அதை நான் கிளப்பவில்லை. தடுக்கவும் இல்லை. அவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் நின்றுபோனது.

நானும் ஓய்வு பெற்ற பிறகு, நெஞ்செரிச்சலுக்காகக் கிள்ளானில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றேன். தாதி ஒரு மாத்திரையும் ஊதுவதற்கு ஒரு பையும் தந்தார்.

"இதுல கொஞ்சம் ரேடியோ கார்பன் இருக்கு அங்கிள். வயித்துல கிருமி இருந்தா மூச்சுல வந்துரும். பயப்படாதீங்க, ரொம்ப சின்ன அளவுதான்."

சின்ன அளவுதான், உடலுக்கு. எங்கள் கருவிகளுக்கு அது பெருவெள்ளம். காரக்கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் உறிஞ்சும். அதன்மேல் குனிந்து கலக்குபவரின் மூச்சையும் உறிஞ்சும். சில நாட்களில் அந்த மூச்சு தெளிந்தால் எண்ணும் தணியும். தயிர்ச்சோறு நினைவுக்கு வந்தது. அங்கிருந்தே அவரை அழைத்தேன்.

"நிலக்கரி நம்பர் ஏறுச்சே, அந்த வாரம் நீ ஆஸ்பத்திரியில பை ஊதுனியா?"

"ஊதுனேன் பாஸ். கேன்சரா இருக்குமோன்னு பயம். மாத்திரையில என்னா இருக்குன்னு கேக்கக்கூடத் தோணல. முழுங்கிட்டு நேரா வேலைக்கு வந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ பாட்டிலப் பத்திக் கேட்ட, கிளவுஸப் பத்திக் கேட்ட. என்னையப் பத்திக் கேக்கலையே லா."

இந்த விளக்கத்தை ஆய்வகத்துக்கு எழுதினேன். அண்மையில் மருத்துவச் சோதனை எதுவும் செய்துகொண்டீர்களா என்று இப்போது உள்ளே நுழையும்போதே கேட்கிறார்களாம். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவரை மறுபடி அழைத்தேன். "பார்க்கலாம் பாஸ்" என்றார். இன்றுவரை வரவில்லை.

ஒவ்வொரு பொருளையும் ஐயத்தோடு பார்க்கப் பழகியிருந்த நான், எதிரில் பசியின்றி அமர்ந்திருந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

கிள்ளானில் திருமணங்களில் சந்திக்கும் பழைய சக ஊழியர்கள், அவருடைய கவனக்குறைவால்தான் அங்கீகாரம் போனது என்று இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. அவர் கரைசலைச் சரியாகத்தான் கலக்கினார்.