துரை வாங்கிய சிவப்பு ஆறு

ஏற்காட்டில் வாட்டர் கலர் வரைகிறவளுக்குச் சாயத்தைக் காயவிடாத பனிமூட்டம் ஒரு பகை என்றால், முதுகுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்கிற ஜனம் இன்னொன்று. தூரிகை பிடித்த சகோதர சகோதரிகளே, இரண்டாவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவின் பந்தயம்

அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நான் பட்டணத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அடுத்து ஓவியப் பள்ளியில்தான் சேருவேன் என்று கிறிஸ்துமஸ் லீவு முழுக்கச் சண்டை. துரைமார் கிளப்பில் நடக்கிற ஓவியக் கண்காட்சியில் என் படம் ஒன்று விற்றால் சேர்த்துவிடுகிறேன் என்றார், விற்காது என்ற தைரியத்தில்.

எஸ்டேட் ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன். கண்ணாடி மாதிரி ஓடிய தண்ணீரைச் செக்கச்செவேல் என்று தீட்டினேன். மரங்களெல்லாம் ஊதா. கண் பார்ப்பதை வரைவது பழைய காலம், மனசு பார்ப்பதை வரைவதுதான் இந்தக் காலம் என்று அப்பாவுக்கு நெடுநேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன் மனசுக்குக் கண்வலி வந்திருக்குது கண்ணு."

முதல் ரசிகர்

படம் காய்ந்துகொண்டிருந்தபோது வெள்ளக்கடைப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் வந்து நின்றார். புதுமைக்கு ஒரு ரசிகர் கிடைத்தாரே என்று பூரித்துப்போய்த் தத்துவத்தை ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "எதுக்குங்க அம்மிணி இத்தன பேச்சு? பல்ப்பர்ல காப்பிப்பழத் தோலக் கழுவி உட்டா, கீழ எங்க பக்கம் ஆறு இப்படித்தானுங்க வருது. நொம்பச் சரியா வரைஞ்சிருக்கீங்க."

துரை

எஸ்டேட்டிலேயே வளர்ந்தும், பழத்தோல் உரிக்கிற அந்தப் பல்ப்பர் மெஷினுக்குக் கீழே நான் எட்டிப் பார்த்ததில்லை, அது கிடக்கட்டும். கண்காட்சியைத் திறக்க வரவிருந்தவர் கலெக்டர். அவரிடம்தான் குடியானவர்கள் அந்தத் தண்ணீரைப் பற்றி மனுக் கொடுத்திருந்தார்கள். ஆறு சுத்தமாக ஓடுகிறது என்று எஸ்டேட்டை நடத்துகிற எங்கள் வெள்ளைக்காரத் துரை பதில் எழுதியிருந்தார்.

கலெக்டர் வருமுன் ஒரு சுற்றுச் சுற்றிய துரை, என் படத்தின் முன் நின்றார். வெள்ளை முகம் என் ஆற்றின் நிறத்துக்கு வந்தது. "இது உங்கள் ஆறு இல்லை, என் மனசு!" என்று இங்கிலீஷில் வாதாடினேன். நம்பினால்தானே! படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நான் வாங்கறான். நீ பேசாதே."

இரண்டாவது படம்

விற்றது விற்றதுதான், அப்பா வாக்குத் தவறவில்லை. அன்று சாயங்காலமே அந்தக் குடியானவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஏனுங்க அம்மிணி, கலெக்டருக்குக் காட்ட அதே மாதிரி இன்னொண்ணு வேணுமுங்க." துரையிடம் சம்பளம் வாங்குகிற அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று நான் வாதத்துக்குத் தயாரானேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தத் தடவையாச்சும் ஆத்தப் பாத்து வரை, கண்ணு."

மனசு பார்த்ததை வரைந்து ஓவியப் பள்ளிக்கு வழி பண்ணிக்கொண்ட நான், கண் பார்ப்பதை வரைய மறுநாள் பல்ப்பருக்குக் கீழே மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.