குளக்கட்டு ஏற்றம்

வட்டை வயல்களின் சேற்றில் மூட்டைகளோடு புதையக்கூடாதென்று தவநேசன் தன் லொறிக்குப் பெரிய டயர் பூட்டினார். வாகரையில் அவ்வளவு உயரமான லொறி வேறில்லை. டயர் பெருத்தால் இழுவை குறையும், பின் அச்சைச் சுழற்றும் டிபரன்ஷலின் பல்சக்கரத்தையும் மாற்றவேண்டும் என்று ஓட்டமாவடி மெக்கானிக் அம்ஜத் அப்போதே சொன்னான். அதை மாற்றினால் வேகம் போய்விடும் என்று அவர் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

மார்கழி வெள்ளத்தில் மனைவி சுலோஜனாவைப் பாம்பு கடித்தது. அவளைப் பக்கத்துச் சீற்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது, லொறியிலிருந்த பசளை மூட்டைகளை இறக்க நேரமில்லை. இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிய லொறி, குளக்கட்டு ஏற்றத்தில் இழுக்காமல் கிளச் கருகி நின்றது. கூட வந்த ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

முப்பத்தோராம் நாள் கழிந்ததும் அவர் அம்ஜத்திடம் போனார். அவன் இரண்டு சோடிப் பல்சக்கரங்களை எடுத்து வைத்தான்.

"இது நடுத்தரம். மற்றது நல்லா இழுக்கும். ஆனா ரோட்டில ஐம்பதுக்கு மேல ஓடாது அண்ணன்."

"ஓட வேணாம் தம்பி. ஏறினாக் காணும்."

பூட்டி முடிந்ததும் அதே அளவு பாரத்தோடு நேரே குளக்கட்டுக்கு ஓட்டினார். லொறி திணறாமல் ஏறியது. உச்சியில் நிறுத்தி, பக்கத்துச் சீற்றைப் பார்க்காமல், "சனியனே, இப்ப மட்டும் ஏறுறாய்" என்று ஸ்டியரிங்கில் ஓங்கி அறைந்தார்.