என் செருப்பின் மேல் படுத்த நாய்

இரண்டு வருடத்துக்கு முன், அம்பத்தூர் மேனாம்பேட்டில் நான் பகல் வாட்ச்மேனாக இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். நாலு பேர் முன்னால் பேச வராது. இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஒரு மழை நாளில், பைக் ஏறிப் பின்னங்கால் நசுங்கிய ஒரு சின்ன நாய் கார் நிறுத்துமிடத்தில் வந்து சுருண்டுவிட்டது. பூனை அளவுதான் இருக்கும். மூன்றாவது மாடியில் இருக்கும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு மேடம்தான் அதைத் தூக்கிப்போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நாய் முடி பட்டால் அவருக்கு மூச்சு இழுக்கும். அதனால் வளர்க்க ஆள் கிடைக்கும்வரை கேட் பக்கத்திலிருக்கும் என் வாட்ச்மேன் அறையில் இருக்கட்டும் என்றார். அசோசியேஷனில் பதினைந்து நாள் தவணை கொடுத்தார்கள்.

நான் கழற்றிப் போட்ட செருப்பின் மேல்தான் அது படுக்கும். கேட் திறக்க எழுந்தால் நொண்டிக்கொண்டே பின்னால் வரும். பெருக்க வரும் அக்கா கிண்டல் செய்வார்: "இன்னா வாட்ச்மேன், உன்ன விட அது நல்லா முழிச்சிகினு கீதே."

மேடம் போனில் படம் போட்டு ஆள் தேடினார். ஒருநாள் என்னிடமே கேட்டார்: "அண்ணா, உங்ககிட்டதான் ஒட்டிக்கிச்சு. நீங்களே வெச்சுக்கறீங்களா?"

உள்ளுக்குள் அவ்வளவு ஆசை. ஆனால், "ஹவுஸ் ஓனர் ஒத்துக்க மாட்டாரு மேடம்" என்றேன். அவரிடம் நான் கேட்கவே இல்லை. பதினோரு வருடமாக அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். குழாய் ஒழுகினால்கூடச் சொல்லாமல் துணி சுற்றி வைப்பவன் நான்.

என் மனைவி திட்டினாள். "வாயத் தொறந்து கேட்டா இன்னா கொறஞ்சா பூடும்? நான் கேக்கட்டா?"

வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நாய் என்று பேச்சை எடுத்தால், அதைச் சாக்காக வைத்து வீட்டையே காலி செய்யச் சொல்வாரோ என்று பயம்.

பதினாலாவது நாள் பூந்தமல்லியிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. நல்ல மனிதர்கள்தான். கார் கதவைச் சாத்தும்வரை நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்வையாளர் பதிவேட்டைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

மூன்று வாரம் கழித்து மேடம் கண் சிவந்து கீழே வந்தார். பூந்தமல்லி வீட்டில் கேட் திறந்த சமயம் நாய் வெளியே ஓடிவிட்டதாம். இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் கிடந்ததாம், லாரி அடித்து. அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று கேட்க நினைத்தேன். அதையும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஓனர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், ஒரு நாய் வளர்த்தா நீங்க இன்னா சொல்வீங்க?"

அவர் குழாயை நிறுத்தக்கூட இல்லை. "இதப் போய்க் கேட்டுகினு நிக்கிறியே. வளத்துக்கோப்பா. போன மாசம்தான் மோட்டார் ஒயர உருவிகினு போனானுங்க. எங்க கீது நாய்?"

"இல்ல சார். சும்மாதான் கேட்டேன்."

மாடி ஏறிப் போய்ச் செருப்போடு உட்கார்ந்துவிட்டேன். மனைவி என்னவென்று கேட்டாள். கால் வலி என்றேன்.

அவர் ஒருநாளும் சொல்லாத "கூடாது" என்பதை அவருக்காக நானே சொல்லியிருக்கிறேன். இத்தனை காலம் அதை அடக்கம், மரியாதை என்று நினைத்திருந்தேன். அது வெறும் பயம்தான் என்பதும், அந்தப் பயத்துக்கு அடிபட்டுச் செத்தது நானில்லை என்பதும் ஒவ்வொரு நாளும் அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது உறைக்கிறது.