திருப்பித் தர முடியாத தராசு

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சட்டம்'. தேசிய அருங்காட்சியகத்துக்கு மக்கள் கொடுக்கும் பொருட்களை வாங்கி வைக்கிற பிரிவில் அவளும் நானும் எதிரெதிர் மேசை. தாத்தாவின் வாளைக் கொண்டுவந்தவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

"நல்லா யோசிச்சுக்கோங்க சார். அறங்காவலர் குழு முடிவு பண்ற வரைக்கும்தான் இது உங்களோடது. அப்புறம் நாட்டோடது. விக்க முடியாது, திருப்பித் தர முடியாது, மந்திரியே வந்து நின்னாலும் கிடையாது."

பாதிப் பேர் வாளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவார்கள். "ஆளை விரட்டவா உனக்குச் சம்பளம்?" என்று கேட்பேன். "பின்னாடி வந்து அழுவாங்கடி, நீயா கண்ணைத் துடைச்சு விடுவ?" என்பாள்.

உட்கார்ந்து ஒரு காரியம் செய்யமாட்டாள். நின்றுகொண்டே தேநீர், நடந்துகொண்டே போன். குட்டி போட்ட பூனை என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

காரணம், அன்று குழுவின் முன் போயிருந்தது அவள் அம்மா கொடுத்த தராசு. அம்மா ஓய்வு பெற்ற பிரசவ நர்ஸ். கொக்கியில் மாட்டி, கீழே துணித்தூளி கட்டி, பிறந்த குழந்தையை எடை போடுகிற தராசு அது. மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அந்தத் தூளியில் மகளின் குழந்தையும் ஒருமுறை கிடந்திருக்கிறது. மறுநாள் குழந்தை இல்லை. படம் இல்லை, சட்டை இல்லை. அதன் உடம்பு பட்டது என்று உலகத்தில் மிச்சமிருப்பது அந்தத் தராசு ஒன்றுதான். இதை அவள் என்னிடம் சொன்னதே அன்று காலையில், மாடிப்படியில் வைத்து.

தன் உறவினர் கொடுக்கும் பொருளைப் பற்றிக் குழு பேசும்போது ஊழியர் அறைக்குள் இருக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான். எனவே வெளித் தாழ்வாரத்தில் நாங்கள் மூவரும் இருந்தோம். அம்மா மடியில் கைப்பையோடு பெஞ்சில். இவள் சன்னலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே, போவதும் வருவதுமாக.

"உக்காரேன்டி, உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றார் அம்மா.

"அம்மா, இப்பக்கூட வேணாம்னு சொல்லிடலாம். ஒரு வார்த்தை போதும்."

"எதுக்கு?"

"எனக்கு வேணும்."

இத்தனை வருடத்தில் இருவரும் அந்தக் குழந்தையைப் பற்றி வாய் திறந்ததே இல்லையாம். அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவ? தினம் முன்னால வெச்சுக்கிட்டு அழுவ. நானும் போய், நீயும் போனப்புறம்? உன் தம்பி பொண்ணு பழைய இரும்புக்குப் போட்டுடுவா. அவளுக்கு என்ன தெரியும், பாவம். யாராலயும் தூக்கிப் போட முடியாத இடம் எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். அதைச் சொன்னதும் நீதான்."

ஊருக்குச் செய்த உபதேசம் வீட்டுக்கு வந்து நின்றது. இருந்தாலும் எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம்தான். குழந்தையைப் பெற்றவளைக் கேட்காமல் கொடுத்தது தப்புத்தானே?

பியூன் கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா எழுந்திருக்கவில்லை. மகளைப் பார்த்தார். "நீ வேணாம்னு சொன்னா இப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் குழாய் வரை போனாள். திரும்பி வந்து, "போம்மா" என்றாள். குரலில் இருந்தது அழுகையா எரிச்சலா என்று எனக்குப் புரியவில்லை.

கதவை யாரும் சாத்தவில்லை. குழுத் தலைவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"கடைசியா இதுல எடை போட்டது யாரை?"

"என் பேத்தியை. அப்புறம் இதைத் தொட மனசு வரல. வேலைக்கு வேற வாங்கிக்கிட்டேன்."

"குழந்தை பேர்?"

"வைக்கிறதுக்குள்ள போயிடுச்சும்மா."

இவள் நடை நின்றது. பிறகு விடுவிடுவென்று கதவருகே போனாள்.

"வெச்சிருந்தேன்."

தலைவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க உள்ள வரக் கூடாதே."

"வரல மேடம்."

வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, பெற்ற தாயிடம்கூடச் சொல்லாத பெயரைச் சொன்னாள். தலைவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இந்தத் தடவை சத்தமாகச் சொன்னாள்.