அம்மாவின் பதினொரு குரற்பதிவுகள்

அக்கா என்னோடு கதைத்து ஏழு மாதம் ஆகிறது. கதைக்க ஆள் இல்லாமல் போனதால்தான் எழுத வெளிக்கிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். நடந்ததைப் பிழையில்லாமல் சொல்லப் பார்க்கிறேன்.

எனக்கு வீடு இணுவிலில். வேலை நல்லூரில் ஒரு சீமெந்துக் கடையில். கடை விட்டு வந்தால் மேசையில் பழைய துவாயை விரித்து, யாராவது எறியக் கொடுத்த போனைக் கழற்றிக்கொண்டிருப்பேன். ஒன்லைனில் எடுத்த சாமான்கள் அலுமாரி நிறையக் கிடக்கின்றன. நாடித்துடிப்புப் பார்க்கிற மணிக்கூடு, கை தட்டினால் எரிகிற லைற், சொன்னதைச் செய்யும் என்று வாங்கிய ஒரு பேசுகிற பெட்டி. நான் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்தக் கத்த அது இங்கிலிஷ் பாட்டுப் படிக்கும். ஒவ்வொன்றோடும் ஒரு சின்னப் புத்தகம் வரும். நான் அதில் படங்களை மட்டும்தான் பார்ப்பேன். மற்றதெல்லாம் அமத்திப் பார்த்துப் பழகினது. அப்படிப் பழகினவனுக்கு அமத்தின பொத்தானைத்தான் தெரியும். அமத்தாமல் விட்ட பொத்தான் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியாது.

அந்தக் கமராவை வாங்கினது அக்கா கேட்டு இல்லை. என்ரை பயத்துக்குத்தான் வாங்கினேன். நான் பயந்த சுபாவம். காஸ் பூட்டியாச்சா என்று மூன்று தரம் பார்த்துவிட்டு வெளிக்கிட்டு, சந்தியில் இருந்து திரும்பி வருகிறவன். அப்பா இறந்த பிறகு அம்மா பகலில் தனிய. விழுந்து கிடந்தால்? அடுப்பு சேலையில் பிடித்தால்? அதனால் கழுத்துத் திருப்புகிற ஒரு கமராவை அம்மாவின் கட்டிலுக்கு எதிரே அலுமாரிக்கு மேலே வைத்தேன். கடையில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் போனில் பார்ப்பேன். முதலாளி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"உனக்குக் கொம்மா இருக்கிறது வீட்டிலையோ, உந்தப் போனுக்குள்ளையோ? சீமெந்துக்கு ஆள் நிக்குது, பார்."

கனடாவில் இருக்கிற அக்காவுக்கும் அந்தக் கமராவைத் திறந்துவிட்டேன். யாருக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஒரு நீளமான பட்டியல் வந்தது. நான் ஒன்றையும் விடாமல் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். அக்காவுக்கு ஏதும் குறை வரக் கூடாது என்பதுதான் என்ரை எண்ணம். கமராவுக்குள் போடுகிற மெமரி காட்டையும் பெரிதாகப் பார்த்துப் போட்டேன். மூன்று கிழமைப் பதிவைப் பிடிக்கும். அதைப் போட்ட அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசப் புழுகத்தை இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

அம்மாவுக்கு அந்தச் சாமான் பிடித்துப்போய்விட்டது. பின்னேரம் ஆறரைக்கு அங்கே அக்கா வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். அம்மா முகம் கழுவி, திருநீறு பூசி, கதிரையில் நிமிர்ந்து இருப்பா. கோப்பையைத் தூக்கிக் காட்டுவா.

"பிள்ளை, பார், இது புட்டு. இது கத்தரிக்காய். உன்ரை தம்பி உப்புப் போட மறந்திட்டான்."

கமராவுக்குள் இருந்து அக்காவின் குரல் வரும். "தம்பி, வேர்த்துக் கழட்டின சேட்டைக் கதிரையிலை போடாதை. இஞ்சை கனடா வரைக்கும் மணக்குது."

அந்த ஒரு வருசம் நாங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருந்தோம் என்றுதான் சொல்ல வேணும்.

பிறகு அம்மாவுக்கு வயிற்றுக்குத்து வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, புற்றுநோய், ஈரலிலும் பரவிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று விட்டார்கள். வந்து இறங்கினதும் அம்மா கட்டிலுக்குப் போகவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமைக்கிற குசினிக்குப் போனா. அங்கே கமராவுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அம்மாவுக்கு அது தெரியும்.

"தம்பி, இஞ்சை வா. கொக்காவுக்குச் சொல்லாதை."

"சொல்லாமல் எப்பிடியம்மா?"

"சொன்னால் அடுத்த பிளேனிலை வந்திடுவாள். பிறகு அவளைத் திரும்ப உள்ளுக்கு விடுவினமோ?"

அதுதான் உண்மையான சிக்கல். அக்காவுக்கு அங்கே இன்னும் நிரந்தர விசா கிடைக்கவில்லை, வழக்கு நடந்துகொண்டிருந்தது. நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. அத்தானும் இரண்டு பிள்ளைகளும் அங்கே. அம்மா என் கையைப் பிடித்துத் தன்ரை தலையில் வைத்தா.

"கடைசி வரைக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

எங்கள் ஊரில் இது புதினம் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு இங்கத்தை நோய் வருத்தத்தை மறைக்காத வீடு எது? அவள் அங்கை தனிய இருந்து அழுவாள், அவன் அங்கை வேலைக்குப் போகமாட்டான் என்று மறைப்பார்கள். செத்த பிறகும் "அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமை" என்றுதான் போன் எடுப்பார்கள். அந்தக் காலத்தில் ஒரு கடிதத்தை எழுதாமல் விட்டால் மறைந்துவிடும். என்ரை வீட்டில் நான் கனடாவுக்கு யன்னல் வைத்து, அதைத் திறந்தும் வைத்திருந்தேன்.

மறைக்கிறதுக்கு வழி கண்டதும் நான்தான். அம்மா சொன்னது சொல்லாதே என்பது மட்டும். மற்றது என்ரை மூளை. குத்துக் குறைந்த ஒரு நாளில் அம்மாவைக் குசினிப் பலகையில் இருத்தி, போனைப் பிடித்து, பதினொரு குரற்பதிவுகள் எடுத்தேன். ஒவ்வொன்றும் அரை நிமிடம். பிள்ளை நான் நல்லாயிருக்கிறன். பிள்ளை சாப்பிட்டன். மாமரம் பூத்திருக்கு. தம்பி புது போன் ஒண்டைக் கழட்டிப்போட்டுப் பூட்டத் தெரியாமல் முழிக்கிறான். நாலாவதோ ஐந்தாவதோ எடுக்கும்போது அம்மா சிரித்தே விட்டா.

"உன்ரை படிப்பு நிண்டதுதான் நல்லது. படிச்சிருந்தால் ஊரையே ஏமாத்தியிருப்பாய்."

கொஞ்ச நாள் கமராவுக்கு முன்னால் சமாளித்தோம். அம்மா கன்னத்தில் பவுடர் போட்டு, தலையணையை முதுகுக்குக் கொடுத்து இருந்தா. அக்கா "மெலிஞ்சு போனியள்" என்றால், "விரதம் பிள்ளை" என்பா. பிறகு இருக்க ஏலாமல் போனது. குத்து வரும்போது கத்துகிற சத்தம் கனடாவுக்குக் கேட்கும் என்று அம்மா சேலைத் தலைப்பைக் கடித்ததைக் கண்ட அன்றைக்கு, நான் வீட்டு இன்ரநெற் றவுட்டருக்குள் போய் கமராவை மட்டும் மறித்தேன். மின்னல் அடித்து றவுட்டர் போய்விட்டது என்று அக்காவுக்கு எழுதினேன்.

"ஊரிலை இருக்கிற றவுட்டரெல்லாம் நீதானே திருத்துறனி. உன்ரை வீட்டிலை உள்ளதைத் திருத்தத் தெரியேல்லையோ?" என்று அக்கா பகிடி விட்டா.

சாமான் கொழும்பிலிருந்து வரவேணும், அதுவரைக்கும் என்ரை போன் டேற்றாவில் குரற்பதிவு மட்டும்தான் போகும் என்றேன். ஒவ்வொரு நாள் காலமையும் ஆறரைக்கு ஒரு குரற்பதிவு அனுப்பினேன். அங்கே அது முதல்நாள் இரவு, படுக்கப் போகிற நேரம். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்தப் படம் திருப்பி அனுப்புவா.

ஏழாவது அனுப்பின அன்றைக்கு அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. எட்டாவதை அனுப்பவோ விடவோ என்று யோசித்தேன். அனுப்பாவிட்டால் அக்காவுக்குச் சந்தேகம் வரும். அனுப்பினேன். ஒன்பதாவதை அனுப்பினது செவ்வாய்க்கிழமை. அன்று மத்தியானம் அம்மா போய்விட்டா. பக்கத்து வளவு மாமி, அப்பாவின் தங்கச்சி, அவதான் கண்ணை மூடிவிட்டா. பின்னேரம் ஆறரை வரைக்கும் காத்திருந்து அக்காவுக்கு எடுத்தேன். நானும் ஊர் வழக்கப்படி, "அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமை" என்றுதான் தொடங்கினேன். அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் வந்த சத்தத்தை எழுதமாட்டேன்.

செத்தவீட்டுக்கு அக்கா வர ஏலாது. பார்க்க வேணுமே. நான் கமராவைத் திரும்பத் திறந்துவிட்டேன். ஒரு சித்தி வாய்க்கரிசியைக் கையில் எடுத்து அலுமாரிப் பக்கம் உயர்த்தி, "பிள்ளை, இது உன்ரை பேரிலை போடுறன்" என்று கமராவுக்குச் சொல்லிப்போட்டுப் போட்டா. சனம் என்ரை கெட்டித்தனத்தை மெச்சியது. உன்னாலைதான் அந்தப் பிள்ளை தாயின்ரை முகத்தைக் கண்டது என்று முதுகில் தட்டினார்கள்.

அம்மா போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்துவிட்டு வாழையிலையைப் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன், அக்கா எடுத்தா. குரலில் அழுகை இல்லை.

"தம்பி, செவ்வாய்க்கிழமை காலமை கட்டில் காலடியிலை நிண்டு என்ன செய்தனி?"

"எந்தச் செவ்வாய்க்கிழமை?"

"அம்மா போன செவ்வாய்க்கிழமையடா. ஆறரைக்கு. போனைக் காதிலை வைச்சுக் கேட்டனி. பிறகு விரலாலை தட்டினனி. நீ தட்டின நேரம்தான் எனக்கு அம்மாவின்ரை குரல் வந்தது, மாமரம் பூத்திருக்கு எண்டு. உனக்கு முன்னாலை அம்மா வாயைத் திறந்தபடி கிடக்கிறா."

எனக்கு அந்த நேரம் மன்னிப்புக் கேட்க வரவில்லை. வாயில் வந்தது இதுதான்:

"கமராவைத்தான் மறிச்சிருந்தனே, அக்கா."

"மறிச்சிருந்தனியோ?"

அந்தக் கணம் வரைக்கும் அவ மின்னல் அடித்ததை நம்பியிருக்கிறா. நானே அதையும் உடைத்துக் கொடுத்தேன். மறித்தது லைனை மட்டும்தான். மெமரி காட் தன்ரை பாட்டில் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது, ஒன்பது நாளும், ஒரு நிமிடம் விடாமல். லைனைத் திரும்பக் கொடுத்ததும் பின்னுக்கு ஓட்டிப் பார்க்கிற வழியும் அவவுக்குத் திறந்துவிட்டது. அதுக்கும் நான்தானே சரி போட்டுக் கொடுத்தவன். அம்மாவின் முகத்தை இன்னொருக்கால் பார்க்கலாம் என்று ஓட்டியிருக்கிறா. ஓட்டினவ அம்மா கத்தினதையும் கேட்டா. "பிள்ளை எங்கை" என்று அம்மா என்னைக் கேட்டதையும், "வேலையிலை நிக்கிறா, பிறகு எடுப்பா" என்று நான் சொன்னதையும் கேட்டா.

"அம்மாதான் சொல்ல வேண்டாமெண்டு சத்தியம் வாங்கினவ" என்றேன்.

"செத்தவவிலை பழியைப் போடாதை. ஒன்பது நாளும் முழுக்கப் பார்த்திட்டன். அம்மா அப்பிடி ஒரு சொல்லும் சொல்லேல்லை. என்னைத்தான் கேட்டவ. வாறதோ விடுறதோ நான் யோசிச்சிருப்பன். விசாவும் மண்ணாங்கட்டியும். என்ரை அம்மாவுக்கும் எனக்கும் நடுவிலை பொத்தான் அமத்த நீ ஆர்?"

எனக்கு உதவக் கூடிய பேச்செல்லாம் குசினிக்குள் நடந்தது. அங்கே கமரா இல்லை.

அக்கா மாமியிடமும் கேட்டிருக்கிறா. மாமிக்கு எல்லாம் தெரியும். அம்மா அவவிடமும் அதே சத்தியத்தை வாங்கினவ. மாமி சொன்ன பதில் என் காதுக்கு வந்தது: "எனக்கென்ன தெரியும் பிள்ளை, உவன்தானே உந்த மிசினுகளை வைச்சு ஏதோ செய்துகொண்டு திரிஞ்சவன்." அடுத்த நாள் கோயில் வீதியில் கண்டபோது அவ நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனா.

போனில் இருக்கிற குடும்பக் குறூப்பில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அதைத் தொடங்கினவன் நான். அக்காவுக்கு அதில் ஆளை எடுக்கிற அதிகாரம் கொடுத்தவனும் நான். எடுக்கிறதுக்கு முன்னம் ஒரு சித்தப்பா எழுதினதை வாசித்தேன்: படியாதவன்ரை கையிலை உதுகளைக் குடுத்தால் உப்பிடித்தான். அவருடைய போனுக்கு மூன்று தரம் கண்ணாடி மாற்றிக் கொடுத்தவன் இந்தப் படியாதவன்.

என்னிடம் இன்னும் இரண்டு குரற்பதிவுகள் இருக்கின்றன. பத்தாவதில் அம்மா வாழைப்பொத்தி வறை சாப்பிட்டது பற்றிச் சொல்லுறா. பதினோராவதில், நல்லாயிருக்கிறன் பிள்ளை என்று சொல்லி முடித்த பிறகு, நான் விரலை எடுக்கப் பிந்திவிட்டேன். அம்மா இழுத்து இழுத்து மூச்சு விட்டு என்னைக் கேட்கிறா: "போதுமே தம்பி? இதை அவள் நம்புவாளோ? நான் செத்தாலும் பறவாயில்லை, அவள் இஞ்சை வரக் கூடாது. சொல்லிப்போடாதை."

இதை அனுப்பினால் நான் தப்புவேன். அனுப்பவில்லை. பெரிய நல்ல குணத்தால் என்று நினைக்க வேண்டாம். சில நாள் கடையில் நிற்கும்போது கோபம் வந்து போனை எடுத்து விரலையும் வைத்திருக்கிறேன். ஆனால் அவ வரக் கூடாது என்று சொன்ன அம்மாவின் குரலை அக்கா வாழ்நாள் முழுக்க ஓட்டி ஓட்டிக் கேட்பா. அந்த ஒன்பது நாளை ஓட்டின மாதிரி. என்னை வெறுக்கிறது அவவுக்குச் சுகம். வெறுத்துவிட்டு வேலைக்குப் போகலாம். விசாவும் இரண்டு மாதத்துக்கு முன் கிடைத்துவிட்டதாம். வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும்.

கமராவை நான் கழற்றவில்லை. கிழமையில் இரண்டு மூன்று நாள், பின்னேரம் ஆறரைக்கு, அலுமாரிக்கு மேலே கிர்ர் என்று சத்தம் வரும். கழுத்து மெல்லத் திரும்பி, அம்மாவின் கட்டிலில் போய் நிற்கும். நான் கூப்பிட்டால் அங்கே கேட்கும், ஆனால் அக்கா ஒரு சொல்லும் பேசமாட்டா. முதல் தரம் அப்படித் திரும்பினபோது நான் கட்டில் பக்கம் நின்றிருந்தேன். கமரா உடனே சுவருக்குத் திரும்பிவிட்டது. அதிலிருந்து சத்தம் கேட்டால் குசினிக்குள் போய்விடுவேன். திரும்பவும் கிர்ர் என்று கேட்கும் வரைக்கும் அம்மா இருந்த அந்தப் பலகையில் இருப்பேன்.

போன கிழமை அந்தக் கமராவுக்கும் றவுட்டருக்கும் பற்றரி வாங்கிப் பூட்டினேன். கரண்ட் போனாலும் இரண்டும் ஆறு மணித்தியாலத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். மின்னல் அடித்தது, லைன் போனது என்று இனி நான் சொன்னால் அக்கா நம்பப் போகிறாவோ?