மூன்று இஞ்ச் குழாயின் வளைவு

உங்கள் கார் மேடேறும்போது திணறி நின்றால் முதலில் யாரைத் திட்டுவீர்கள்? ஓட்டுநரைத்தானே? பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனை விடாமல் அழுத்துவார். பின்சீட்டில் இருப்பவர் "ஓட்டத் தெரியாதவன்கிட்ட சாவியக் கொடுத்தா இப்படித்தான்" என்பார். காருக்கு அடியில் ஓடும் புகைக்குழாயை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. அதன் விட்டத்தைத் தீர்மானித்தவர் பட்டறையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். பழி மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் தலையில் விழும்.

இது அந்தக் குழாய்களைப் பற்றவைக்கும் ஒரு பெண்ணின் கதை. பட்டறையில் எல்லாரும் அவரை 'சைலன்சர் அக்கா' என்பார்கள். சைலன்சர் வேலை பார்ப்பதால் பாதி, வாய் திறக்காமல் வேலை பார்ப்பதால் மீதி. கணவர் போனபிறகு தம்பியோடு ஒரே வீட்டில் இருக்கிறார். தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறான். மலைமேல் இருக்கும் மருத்துவமனைக்கு நோயாளிகளை ஏற்றிப்போய் இறக்குவதுதான் அவன் வேலை.

ஆள் நிறைந்தால் கார் இழுக்கவில்லை என்று அதன் உரிமையாளர் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பெரிய டர்போ ஒன்றைப் பொருத்தினார். பழைய குழாய் துருப்பிடித்திருந்ததால் புதியது போட அக்காவின் பட்டறைக்கே கார் வந்தது. பட்டறையை நடத்தும் மேஸ்திரி ஒல்லியான குழாயை எடுத்துக் கொடுத்தார். அக்கா பற்றவைத்தார். மேஸ்திரி எஞ்சினை முறுக்கச் சொல்லி, குழாயின் வாயருகே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "நல்லாத் தள்ளுது. எடுத்துட்டுப் போ" என்றார். அந்தப் பட்டறையின் பரிசோதனை அவ்வளவுதான். அவருடைய குரு அப்படிச் செய்தாராம், குருவுக்கு அவருடைய குரு சொன்னாராம். எத்தனை தலைமுறை கை வைத்தால் ஒரு தப்பு சரியாகும் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே தம்பி முகம் வெளிறி வந்து நின்றான்.

"அக்கா, வண்டி பாதி மலையில படுத்துடுச்சு."

"படுத்துடுச்சுன்னா?"

"மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பஞ்சு மேல கால வச்ச மாதிரி இருக்கு. டாஷ்போர்டுல மஞ்சள் லைட்டு. ஒரு வண்டி மட்டும் போற அந்த ஒத்தையடி வளைவு இருக்குல்ல, அங்க. பின்னாடி லாரி. உள்ள மூச்சு வாங்குற ஒரு அம்மா. கொஞ்சம் பின்னால உருண்டுச்சுக்கா."

மேஸ்திரி டீ டம்ளரைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "டிரைவர் சரியில்லேன்னா எல்லா மேடும் உயரமாத்தாம்ப்பா தெரியும்."

"அண்ணே, நேத்து வரைக்கும் ஏறுன மலைதானே?" என்றான் தம்பி.

"நேத்து வரைக்கும் உனக்கு இவ்வளவு வாய் கிடையாது."

உரிமையாளரும் ஓட்டுநர் மேல்தான் குற்றம் என்றார். இன்னொரு முறை நின்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். அக்காவின் பயம் தம்பியின் வேலையைப் பற்றியது அல்ல. அடுத்த முறை அந்த வளைவில் கார் கொஞ்சத்தோடு நிற்காமல் உருண்டால்?

குழாய் ஒடுக்கமாக இருந்தால்தான் இழுவை என்பது மேஸ்திரியின் வாதம். டர்போ இல்லாத சின்ன எஞ்சினைப் பார்த்து வளர்ந்த நம்பிக்கை அது. டர்போவில் கதை வேறு. எஞ்சின் தள்ளும் புகைதான் அதன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தைத் தாண்டிய புகை எவ்வளவு சுலபமாக வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது. வழி அடைபட்டால் அழுத்தம் முட்டும், சூடு ஏறும், எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இழுவையைக் குறைத்துவிடும். நின்ற இடத்தில் முறுக்கும்போது டர்போவுக்குச் சுமையே கிடையாது. அப்போது கையை வைத்து என்ன தெரியும்? கை சுடும், அவ்வளவுதான்.

ஒல்லிக் குழாயைக் கழற்றிவிட்டு இரண்டரை இஞ்ச் போடுவதா, மூன்று போடுவதா என்று அக்கா குழம்பினார். மூன்று போட்டால் குழாய் தாழ்வாகத் தொங்கும். மலைப்பாதைக் கல்லில் இடித்துப் பிய்ந்தால் அதுவும் ஆபத்து. இரண்டரை போட்டுப் பெரிய டர்போவுக்குப் போதாமல் போனால்? டர்போ மெக்கானிக் ஒருவரிடம் போய்க் கேட்டார். "உன் டர்போவுக்கு மூணு போடு. ஆனா போட்டுட்டு மலையில அளந்து பாரு" என்று அவர் ஒரு அழுத்த மீட்டரை இரவல் கொடுத்தார். முள் தாண்டக்கூடாத இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடும் போட்டுத் தந்தார்.

மேஸ்திரி சிரித்தார். "மீட்டர் வச்சுப் பார்த்தா கஸ்டமர் என்ன நினைப்பான்? இவனுங்களுக்கே சந்தேகம்னு நினைப்பான்."

"சந்தேகம்தான் அண்ணே" என்றார் அக்கா.

மூன்று இஞ்ச் குழாயைப் பட்டறை மெஷினில் வளைத்து, தரையில் இடிக்காதபடி காரின் அடிப்பாகத்தோடு ஒட்டிப் பொருத்தினார். டர்போவுக்குச் சற்றுப் பின்னால் ஓட்டை போட்டு, ஒரு நட்டைப் பற்றவைத்து, அதிலிருந்து செம்புக் குழாயும் ரப்பர் டியூபுமாக மீட்டரை முன்சீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு மலைக்குக் கிளம்பினார்கள், பயணிகள் இல்லாமல். பின்சீட்டில் அவர்கள் எடைக்கு மணல் மூட்டைகள். தம்பி ஓட்ட, அக்கா மீட்டரை மடியில் வைத்துக்கொண்டார்.

அடிவாரத்தில் முள் அசையவே இல்லை. தம்பி விசிலடித்தான். மேடு தொடங்கியது.

"எப்படிக்கா?"

"ரோட்டப் பாரு."

"பார்த்துட்டுத்தான் கேக்குறேன்."

முள் எழும்பியது. கோட்டை நெருங்கியது. ஒத்தையடி வளைவு வருவதற்கு முன்பே கோட்டைத் தொட்டு, தாண்டியது. ஒருவேளை மீட்டர் பொய் சொல்கிறதோ? மூன்று போட்டாகிவிட்டதே! இதற்குமேல் எங்கே போவது?

"நிறுத்து. ஓரமா நிறுத்துடா."

"இன்னும் கொஞ்சம் ஏறிடுச்சுன்னா..."

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, குழாய் ஆறும்வரை இருவரும் பாதையோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு லாரியும் கடக்கும்போது தம்பி தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு அக்கா காருக்கடியில் படுத்து, குழாயை முன்னிருந்து பின்வரை தடவிக்கொண்டே போனார். நேரான இடத்தில் சரியாக இருந்தது. பின் அச்சுக்கு மேலே ஏறி இறங்கும் வளைவில் விரல்கள் நின்றன. குழாய் அங்கே சப்பையாகியிருந்தது, பற்பசைக் குழாயை நடுவில் அமுக்கியதுபோல. விட்டம் அளக்கும் காலிப்பரை வைத்தார். மூன்று இஞ்ச் என்று வாங்கிய குழாய், அந்த இடத்தில் இரண்டைத் தாண்டவில்லை.

உள்ளே தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் வெளியிலிருந்து அமுக்கி வளைக்கும் மெஷின் அது. சின்னக் குழாயில் கண்ணுக்குத் தெரியாது. பெரியதில் கழுத்தை நெரித்துவிடும். அக்கா அந்த மெஷினில்தான் வருடக்கணக்காக வளைத்துக்கொண்டிருந்தார். விட்டத்தைக் கேட்ட யாரும், அவர் உட்பட, வளைவில் விட்டம் என்ன என்று கேட்டதில்லை.

பட்டறைக்குத் திரும்பி, அந்த வளைவுகளை அறுத்து எறிந்தார். நேர்க்குழாயைச் சாய்வாக வில்லை வில்லையாக வெட்டி, ஒன்றோடொன்று பற்றவைத்து வளைவை உருவாக்கினார். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒவ்வொரு இணைப்பிலும் காலிப்பர் வைத்தார். மேஸ்திரி இரண்டு முறை வந்து பார்த்து, "நகை செய்யிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுபடியும் மலை. மறுபடியும் மணல் மூட்டைகள். இந்த முறை தம்பி விசிலடிக்கவில்லை. ஒத்தையடி வளைவில் கியரை மாற்றி முழுதாக மிதித்தபோது அக்கா முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முள் எழும்பி, கோட்டுக்கு வெகு கீழேயே நடுங்கிக்கொண்டு நின்றது. மஞ்சள் விளக்கு எரியவில்லை. கார் ஏறியது. உச்சியில் இறங்கித் தம்பி பானெட்டில் சாய்ந்து, "கால் நடுக்கம் நிக்கட்டும், அப்புறம் சிரிக்கிறேன்" என்றான்.

விஷயத்தைக் கேள்விப்பட்டதும் மேஸ்திரி சொன்னார்: "மூணு இஞ்ச்தான் சரின்னு நானும் நினைச்சேன்."

அக்கா அதை விட்டுவிட்டார். வேறொன்றைத்தான் விடவில்லை. "அண்ணே, இதே மெஷின்ல எத்தனை டர்போ வண்டிக்கு வளைச்சிருப்போம்? எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லணும்."

"சொல்லிட்டு? நம்ம வேலை தப்புன்னு நாமளே தண்டோரா போடவா? நின்னா வரட்டும், பார்ப்போம்."

நின்றால் வரட்டும். எங்கே நின்றால்? யார் உள்ளே இருக்கும்போது? பொறுப்பை ஓட்டுநர் மடியில் தள்ளிவிட்டுத் தூங்கும் இந்தத் தடித்தனத்தை அனுபவம் என்று அழைப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

அக்கா தனக்கு நினைவிருந்தவர்களைத் தானே தேடிப்போய்ச் சொல்கிறார். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் காசு பிடுங்க வந்தவளைப்போலப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது, அவர்கள் இன்று எந்த மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார்களோ என்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்கிறார். இப்படிப்பட்ட மெஷின் அந்த ஒரு பட்டறையில் மட்டும் இருப்பதாக நான் நம்பவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். டர்போ காருக்கு வெளிப் பட்டறையில் குழாய் மாற்றியிருந்தால், எஞ்சின் ஆறியபிறகு அடியில் குனிந்து பாருங்கள். பில்லில் எழுதிய அளவை நம்பாதீர்கள், வளைவில் அளந்து பாருங்கள். சப்பையாக இருந்தால் மலையேறுவதற்கு முன் அதை மாற்றச் சொல்லுங்கள். அதுவரை உங்கள் ஓட்டுநரைத் திட்டாதீர்கள்.